கையுறை இல்லாமல் ஒரு சத்தியம்

எங்கள் பல்கலைக்கழக நூலகத்தின் அரிய நூல் பிரிவில் புத்தகத்தை முகர்ந்து பார்த்து வாங்கிய ஆள் நான் ஒருத்திதான். மற்றவர்கள் பழைய காகிதத்தின் வாசனையைப் பற்றிக் கண்ணை மூடிக்கொண்டு பேசுவார்கள். நான் பழவேற்காட்டு ஏரிக்கரையில், கோட்டைக்குப்பத்துக்குப் பக்கத்துக் குப்பத்தில் பிறந்தவள். எதைக் கையில் கொடுத்தாலும் செவுளைத் தூக்கிப் பார்த்து, மூக்கருகே கொண்டுபோய், நாறிவிட்டதா என்று தெரிந்துகொண்டுதான் மேற்கொண்டு பேசுவோம். பூஞ்சை பிடித்த சுவடியும் அப்படித்தான் பிடிபடும். இந்தத் திறமைக்குச் சம்பள உயர்வு எதுவும் கிடையாது.

என் வேலை அட்டவணை தயாரிப்பது. பழைய புத்தகமோ ஓலைச்சுவடியோ கையெழுத்துப் பிரதியோ வந்தால் பெயர் என்ன, எந்த ஊர், நீளம் அகலம் எவ்வளவு, அட்டை தோலா துணியா, எங்கே கிழிந்திருக்கிறது, எந்தப் பூச்சி எந்தப் பக்கம்வரை தின்றிருக்கிறது என்றெல்லாம் எழுதி ஒரு எண் கொடுக்க வேண்டும். கல்யாணத் தரகர் பெண்ணைப் பற்றிக் குறிப்பெழுதுவதுபோலத்தான். உள்ளே என்ன இருக்கிறது என்று படிக்க ஆரம்பித்தால் வேலை ஓடாது. நான் அட்டவணைப்படுத்திய நூல்களில் பாதியை இன்றுவரை படித்ததில்லை. அதற்காக யாரும் என்னைக் குறை சொன்னதுமில்லை.

இது நடந்த வருடம்தான் தினக்கூலியிலிருந்து நிரந்தரமானேன். மாதச் சம்பளம், வங்கிக் கணக்கு, கழுத்தில் அடையாள அட்டை. எங்கள் குப்பத்துப் பெண்களில் மாதச் சம்பளத்துக்குக் கையெழுத்துப் போட்ட முதல் ஆள் நான். ஊருக்குப் போனால் அடையாள அட்டையைக் கழற்ற மறந்துவிட்டதுபோல் மாட்டிக்கொண்டே போவேன். மீன் ஏலம் நடக்கும் இடத்தில் வேண்டுமென்றே ஒரு சுற்று சுற்றுவேன்.

பிரிவின் தலைவரை எல்லாரும் சார் என்போம். சாருக்கு வாசகர்களைப் பிடிக்காது, ஏனென்றால் புத்தகத்தைத் தொடுவது அவர்கள்தான். ஏடு அரிக்கும் இராமபாணப் பூச்சி ஒன்று செத்துக் கிடந்தால் அன்றைக்கு முகம் மலர்ந்திருப்பார். நான் கொண்டுவரும் சாப்பாட்டின்மேல் அவருக்குத் தீராத சந்தேகம். கருவாட்டு வாசனைக்குப் பூச்சி வரும் என்று சொல்லி, மாடிப்படிக்கு அடியில், துடைப்பங்களுக்குப் பக்கத்தில் உட்காரவைத்துத்தான் என்னைச் சாப்பிட விடுவார். அந்த மாடிப்படிதான் பின்னால் வந்த எல்லாவற்றுக்கும் காரணம்.

பழவேற்காட்டில் டச்சுக்காரர்கள் இருந்த காலத்து நூல்களைத் தேடி அட்டவணைப்படுத்த வேண்டும் என்று மேலிடத்திலிருந்து ஒரு திட்டம் வந்தது. டச்சுக்காரர்கள் எங்கள் ஊரில் துணி வாங்கினார்கள், கோட்டை கட்டினார்கள், கொத்துக்கொத்தாகச் செத்தார்கள். கோட்டை இப்போது முள்ளுக்காடு. கல்லறைகள் மட்டும் நன்றாக இருக்கின்றன. வாசலில் எலும்புக்கூடு செதுக்கி வைத்திருப்பார்கள். சின்ன வயதில் அதன் விலா எலும்பில் காலை வைத்து ஏறித்தான் நாங்கள் மதில்மேல் உட்காருவோம். இவர்கள் புத்தகம் விட்டுப்போயிருப்பார்களா என்று சார் என்னிடம் கேட்டார். எனக்கு வாய் சும்மா இருக்கவில்லை.

"எங்க ஊர்லயே ஒண்ணு இருக்கு சார்" என்றேன்.

இருந்தது உண்மைதான். எங்கள் அம்மன் கோயில் மரப்பெட்டியில், சூலத்துக்கும் உடுக்கைக்கும் நடுவில், தலையணை தடிமனுக்குத் தோல் அட்டை போட்ட ஒரு டச்சுப் புத்தகம். வெள்ளிக்கிழமை வெள்ளிக்கிழமை மஞ்சள் குங்குமம் வைப்பார்கள். அது எப்படி வந்தது என்பதற்கு வீட்டுக்கு ஒரு கதை உண்டு. கப்பல்காரன் மீனுக்குப் பதிலாகக் கொடுத்தான் என்பார்கள் சிலர், முகத்துவாரத்தில் மிதந்து வந்தது என்பார்கள் சிலர். நைனா, அதாவது என் அப்பா, சொல்லும் கதைப்படி எங்கள் முப்பாட்டன் கோட்டைக்குள் புகுந்து திருடியது. அதைச் சொல்லும்போது நைனாவுக்கு நெஞ்சு நிமிர்ந்துவிடும்.

அந்தப் புத்தகத்தின்மேல்தான் பாடு சத்தியம் நடக்கும். ஏரியில் இறால் நன்றாகப் படுகிற இடங்கள் கொஞ்சம்தான். ஆளுக்கு ஆள் அடித்துக்கொள்ளாமல், எந்த வீட்டுக்காரன் எந்த நாளில் எந்த இடத்தில் சுத்துவலை கட்டலாம் என்று வருடா வருடம் சீட்டு குலுக்கிப் பிரித்துக்கொள்வோம். அந்த முறைக்குப் பாடு என்று பெயர். சீட்டு எடுப்பதற்குமுன் ஒவ்வொருவரும் புத்தகத்தின்மேல் வலது கையை வைத்து, "ஒரு வீட்டுக்கு ஒரு பாடு. எங்க வீட்டுல மாசச் சம்பளம் இல்ல. நான் ஏரிய நம்பித்தான் கீறேன்" என்று சொல்ல வேண்டும். சம்பளத்தைப் பற்றிய வரி காட்டுப்பள்ளியில் துறைமுகம் வந்தபிறகு சேர்த்தது. அங்கே போய்ச் சம்பளமும் வாங்கிக்கொண்டு இங்கே வந்து பாடும் எடுத்தால் மற்றவன் என்ன செய்வான்? பையனைத் துறைமுக வேலைக்கு அனுப்பிய ஒரு வீடு அப்படித் தன் பாட்டை இழந்திருந்தது.

அம்மன் மேல் சத்தியம் செய்யக் கூடாதா என்று கேட்கலாம். செய்து பார்த்திருக்கிறார்கள். பொய்ச் சத்தியம் செய்தவன் பின்னால் ஒரு ஆட்டை வெட்டி அம்மனைச் சமாதானம் செய்துகொள்கிறான். இந்தப் புத்தகத்துக்கு என்ன பிடிக்கும், எந்த மொழியில் மன்னிப்புக் கேட்பது என்று ஒருத்தனுக்கும் தெரியாது. அதனால் அதன்மேல் கை வைத்து யாரும் பொய் சொன்னதில்லை.

படம் எடுத்து, அளந்து, அட்டவணையில் எழுதிவிட்டுப் பாடு நாளுக்கு முன்னால் திருப்பிக் கொடுத்துவிடுவேன் என்று நான் சொன்னதை நம்பி, நைனா ஊர்க்கூட்டத்தில் புத்தகத்தைக் கேட்டார். ஊர்த்தலைவர் எனக்குப் பெரியப்பா முறை. சுலபத்தில் எதையும் நம்பாதவர்.

"பொஸ்தகம் திரும்பி வர்லனா?" என்று கேட்டிருக்கிறார்.

"வர்லனா என் பாட்ட எட்துக்குங்க. இனிமே கேக்க மாட்டேன்" என்று நைனா சொல்லிவிட்டார். கூட்டத்தில் சொன்ன வார்த்தை. நைனாவுக்கு வேறு நிலமோ தொழிலோ கிடையாது. ஏரியில் பாடு இல்லை என்றால், இறால் காலத்தில் கரையில் நின்று அடுத்தவன் வலையைப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டியதுதான்.

புத்தகத்தை வேட்டியில் சுற்றி, மடியில் வைத்துக்கொண்டு, பொன்னேரி வழியாகப் பேருந்தில் கொண்டுவந்து என் கையில் கொடுத்தார். நான் மேசைமேல் வைத்துக் குறிப்பெழுத ஆரம்பித்தேன். தலைப்புப் பக்கம் இல்லை. முன்பக்கம் ஈரம் பட்டு அலைஅலையாக இருக்கிறது. பூச்சி ஓட்டைகள். மேலட்டையில் வலது பக்கமாக, உள்ளங்கை அளவில், எண்ணெய்ப் பிசுக்கோடு கருப்பாக ஒரு கறை. சார் என் தோளுக்குமேல் எட்டிப் பார்த்து, "அந்தக் கறையச் சுத்தம் பண்ணணும்னு சேர்த்து எழுதும்மா" என்றார். எழுதினேன். பிறகு சாப்பிடப் போனேன்.

மாடிப்படிக்கு அடியில் இறால் தொக்கைப் பிசைந்து நான் நிதானமாகச் சாப்பிட்டுக்கொண்டிருந்த நேரத்தில், சார் முத்திரையை எடுத்திருக்கிறார். நூலகத்துக்குள் வந்த புத்தகம் முத்திரை இல்லாமல் கிடந்தால் அவருக்குக் கை அரிக்கும். முதல் பக்கத்தில் ஒன்று, நடுவில் ஒன்று, கடைசியில் ஒன்று. பதிவேட்டில் எண்ணும் ஏற்றியாகிவிட்டது. நான் கையைக் கழுவிக்கொண்டு வந்து பார்க்கும்போது எங்கள் ஊர்ப் புத்தகம் பல்கலைக்கழகச் சொத்து.

"சார், இது இரவல் சார். திருப்பிக் குடுக்கணும்."

"எழுத்துல இருக்கா?"

"எங்க அப்பா வாயால சொன்னார் சார்."

"பதிவேட்டுல ஏறிடுச்சேம்மா. ஏறினத இறக்கணும்னா குழு கூடணும்."

அவர் வேண்டுமென்று செய்யவில்லை. அதுதான் எரிச்சலாக இருந்தது. வேண்டுமென்று செய்திருந்தால் சண்டை போட்டிருக்கலாம். குழு என்று அவர் சொன்னது பதிவேட்டிலிருந்து நூல்களை நீக்க அனுமதி தரும் குழுவை. அது கூடிப் பல வருடமாகிறது. விசாரித்துப் பார்த்ததில், அதில் இருந்த இரண்டு பேர் காலமாகிவிட்டார்கள் என்றும் மற்றவர்கள் ஓய்வு பெற்றுவிட்டார்கள் என்றும் தெரியவந்தது. நான் மனு எழுதிக் கொடுத்தேன். மனுவுக்கும் ஒரு முத்திரை விழுந்தது.

வேறு வழியில்லாமல் நைனாவுக்குப் போன் செய்தேன்.

"நைனா, பொஸ்தகத்துல ஸ்டாம்பு அடிச்சிட்டாங்க."

"அடிச்சா அடிக்கட்டும். தொடச்சிட்டு எட்துகினு வா."

"தொடைக்கலாம் முடியாது நைனா. வெளியவே உடமாட்டாங்க."

ஏரிக்காற்றுச் சத்தத்துக்கு மேலே நைனாவின் குரல் வந்தது.

"பாடு நாளு வருதேம்மா. ஜவாப்தாரி நானு."

திட்டியிருந்தால் தேவலாம். அவர் திட்டவில்லை. சாப்பிட்டாயா என்று கேட்டுவிட்டு வைத்துவிட்டார். அடையாள அட்டையைக் கழற்றிக் கைப்பையில் போட்டேன்.

இதற்கு நடுவில் டச்சு தெரிந்த ஆய்வாளர் ஒருவர் வந்தார். நாலு பக்கம் புரட்டிவிட்டு, இது பிரசங்கத் தொகுப்பு, ஞாயிற்றுக்கிழமைகளில் ஆலயத்தில் சத்தமாகப் படிப்பது, குடிக்காதே, சீட்டாடாதே, அடுத்தவன் பொருளுக்கு ஆசைப்படாதே என்று எழுதியிருக்கிறது என்றார். எங்கள் ஊரில் அதைத் தொட்டுச் சத்தியம் செய்தவர்களில் முக்கால்வாசிப் பேர் அன்று சாயங்காலமே அதில் சொல்லியிருக்கும் எல்லாவற்றையும் செய்வார்கள். நைனாவிடம் சொன்னபோது அவர் அசரவே இல்லை.

"உள்ள இன்னா எழுதினுகிறான்றது நமக்கு இன்னாத்துக்கு? நாம மேலதான கை வெக்கிறோம்" என்றார்.

அட்டவணைக்காரியான எனக்கு இந்தக் கொள்கை மிகவும் பிடித்திருந்தது.

வழி எங்கே கிடைத்தது என்றால், வாசக அறைச் சுவரில். பல வருடமாக அந்தப் பலகைக்குக் கீழேதான் என் நாற்காலி. "உரிய அனுமதிச் சீட்டு பெற்ற எவரும் அரிய நூல்களை இவ்வறையிலேயே பார்வையிடலாம்." புத்தகம் ஊருக்குப் போக முடியாது. ஊர் புத்தகத்திடம் வரலாமே! வெளியாட்களுக்குச் சீட்டு வாங்க ஒரு புகைப்படமும் ஊழியர் ஒருவரின் சிபாரிசும் போதும். நிரந்தர ஊழியர். நான்தான் இப்போது நிரந்தரமாயிற்றே. அப்படி ஒரு கர்வத்தோடு பாடு எடுக்கும் வீட்டுக்காரர்கள் எல்லாருக்கும் விண்ணப்பம் எழுதி, கீழே கையெழுத்துப் போட்டேன். நோக்கம் என்ற இடத்தில் எல்லாருக்கும் ஆய்வு என்று எழுதினேன்.

"எல்லாரும் ஒரே நாள்ல, ஒரே புத்தகத்தையா?" என்றார் சார்.

"குழு ஆய்வு சார்."

"பொருள்?"

"பழவேற்காட்டு ஏரி சார்."

அவர் என்னை ஒரு மாதிரி பார்த்தார். ஆனால் விதியில் குழு ஆய்வுக்குத் தடை இல்லை. விதியில் இல்லாததை அவர் செய்யவும் மாட்டார், தடுக்கவும் மாட்டார்.

பெரியப்பாவைச் சம்மதிக்க வைக்க நைனா படாத பாடுபட்டார். அம்மன் இல்லாத இடத்தில் சத்தியமா என்று அவர் முறுக்கிக்கொண்டார். கடைசியில் கோயிலில் இருந்த அம்மன் படத்தைச் சட்டத்தோடு கழற்றி எடுத்துவருவது என்று முடிவாயிற்று. சத்தியம் நூலகத்தில், சீட்டுக் குலுக்கல் ஊர் திரும்பியதும் கரையில். அப்படி நடந்தால் புத்தகம் திரும்பி வந்ததாகவே கணக்கு.

வந்தார்கள். இரண்டு வேனில் வந்தார்கள். எல்லாரும் சலவை வேட்டி, சலவைச் சட்டை. மீன் வாசனை வந்து என் வேலைக்கு ஆபத்தாகிவிடக் கூடாது என்று எல்லாரும் பவுடரை அள்ளிப் பூசிக்கொண்டு வந்திருந்தார்கள். வராந்தா முழுக்க வியர்வையும் பவுடரும். வாசக அறையில் முனைவர் பட்டத்துக்குப் படித்துக்கொண்டிருந்த ஒருவர் தும்மித் தும்மி எழுந்து போய்விட்டார். பெரியப்பா அம்மன் படத்தை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு முன்னால் வந்தார். வந்தவர் படத்தை மேசைமேல் சாய்த்து வைத்துவிட்டு, இடுப்பிலிருந்து சூடத்தையும் தீப்பெட்டியையும் எடுத்தார்.

சார் அவ்வளவு வேகமாக ஓடி நான் பார்த்ததில்லை. தீப்பெட்டியைப் பெரியப்பாவின் கையிலிருந்து பிடுங்கி, அதைத் தன் சட்டைப் பையில் போட்டு, பையை இரண்டு கையாலும் பொத்திக்கொண்டார்.

"இங்க நெருப்பே கூடாது. பேசவும் கூடாது. போர்டு இருக்கு பாருங்க."

"பேசாம எப்பிடிங்க சத்தியம் பண்றது?" என்றார் பெரியப்பா.

"சத்தியமா?" என்று சார் என் பக்கம் திரும்பினார். "குழு ஆய்வுன்னு சொன்ன?"

"வாசகர்கள் புத்தகத்தைப் பார்வையிட வந்திருக்காங்க சார். கொஞ்சம் கைய வச்சுப் பார்வையிடுவாங்க."

சார், எதற்கும் விதி இருக்கிறது என்ற நிம்மதியோடு இழுப்பறையைத் திறந்து ஒரு கட்டு வெள்ளைக் கையுறைகளை எடுத்து நீட்டினார். பெரியப்பா அதில் ஒன்றை இரண்டு விரலால் தூக்கிப் பார்த்தார்.

"இது இன்னாது?"

"கைல போட்டுக்கிட்டுத்தான் தொடணும்."

"கைல ஒற மாட்டிக்கினு சத்தியம் பண்ணா அதுக்குப் பேரு சத்தியமா? தோலு படணும் சார். அதுவும் தோலு, இதுவும் தோலு. நடுவுல துணி இன்னாத்துக்கு?"

"வேர்வை, எண்ணெய் எல்லாம் பட்டா அட்டை கெட்டுடும்."

"ஏன் சார், நீங்க ஒற மாட்டிக்கினா தாலி கட்டினீங்க?"

சாரின் முகம் என்னவோ ஆயிற்று. முதலில் கோபம் என்று நினைத்தேன். பிறகுதான் அவர் சிரிப்பை அடக்குகிறார் என்று தெரிந்தது. சாருக்குச் சிரிக்க வரும் என்பதே எங்கள் பிரிவில் யாருக்கும் தெரியாது. கையுறைக் கட்டை மறுபடி இழுப்பறைக்குள் போட்டார்.

"எல்லாரும் சோப்புப் போட்டுக் கை கழுவிட்டு வாங்க. ஈரம் இருக்கக் கூடாது. மெதுவாப் பேசணும்."

குழாயடியில் சார் நின்றுகொண்டு ஒவ்வொருவராகக் கையைப் புரட்டிக் காட்டச் சொல்லி, நகத்தைப் பார்த்து, உள்ளே அனுப்பினார். வலை இழுத்துக் காய்த்துப்போன கைகள். எங்கள் ஊர் ஆண்கள் ஆரம்பப் பள்ளியோடு விட்டுப்போன பயத்தோடு கையை நீட்டிக்கொண்டு வரிசையில் நின்றார்கள். ஒருவரை மறுபடி கழுவிவரச் சொல்லித் திருப்பி அனுப்பினார்.

சத்தியம் ஆரம்பமாயிற்று. கரையில் என்றால் ஏரிக்கு அந்தப் பக்கம் கேட்கிற மாதிரிக் கத்துவார்கள். இங்கே ஒவ்வொருவராக வந்து, புத்தகத்தின் கருப்புக் கறைமேல் கையை வைத்து, ரகசியம் சொல்வதுபோல் "ஒரு வீட்டுக்கு ஒரு பாடு. எங்க வீட்டுல மாசச் சம்பளம் இல்ல. நான் ஏரிய நம்பித்தான் கீறேன்" என்று கிசுகிசுத்துவிட்டு நகர்ந்தார்கள். எனக்குச் சிரிப்பாகவும் வந்தது, பெருமையாகவும் இருந்தது. என்னால் நடந்தது. நைனாவின் பாடு பிழைத்தது. கறையில் ஒவ்வொரு கையும் பொருந்தி உட்கார்ந்ததை நான் பார்த்துக்கொண்டே இருந்தேன். அதைச் சுத்தம் செய்ய வேண்டும் என்று என் கையாலேயே எழுதியிருந்தது அப்போதுதான் நினைவுக்கு வந்தது.

நைனா கடைசி ஆள். ஜவாப்தாரி என்பதால் எல்லாருக்கும் விட்டுக்கொடுத்துவிட்டுக் கடைசியில் வந்தார். நெற்றியில் பவுடர் திட்டுத்திட்டாக இருந்தது. என்னைப் பார்த்து லேசாகச் சிரித்தார். கையைப் புத்தகத்துக்கு நேராகக் கொண்டுவந்தார்.

"ஒரு வீட்டுக்கு ஒரு பாடு" என்றார்.

அங்கேயே நின்றுவிட்டார். கை அட்டையின்மேல் படவில்லை. கறைக்கு மேலே அப்படியே நின்றது. மறந்துவிட்டது என்று நினைத்துப் பெரியப்பா அடுத்த வரியை எடுத்துக்கொடுத்தார்.

"எங்க வீட்டுல மாசச் சம்பளம் இல்ல."

நைனா கையை எடுத்துக்கொண்டார்.

"கீதே" என்றார்.

"இன்னா கீது?"

"சம்பளம். தோ நிக்கிதே எம் பொண்ணு. இங்கதான் வாங்குது."

அத்தனை விண்ணப்பத்திலும் நிரந்தர ஊழியர் என்று பெருமையாகக் கையெழுத்துப் போட்டவள் நான். எனக்கு இது தோன்றவே இல்லை. எனக்கு மட்டுமல்ல, ஊரில் ஒருத்தருக்கும் தோன்றவில்லை. சம்பளம் வாங்குவது என்றால் பையன் என்றே எல்லாரும் நினைத்திருந்தோம், நான் உட்பட.

பெரியப்பா தலையில் அடித்துக்கொண்டார், சத்தம் வராமல்.

"டேய், லூசாடா நீ? அந்த ரூல்சு பசங்களுக்குடா. பொட்டப்புள்ள சம்பளம்லாம் கணக்குலயே வராது. நாளைக்குக் கட்டிக்குடுத்தா வேற வீட்டுக்குப் போற புள்ள. கைய வெய்யி."

மற்றவர்களும் தலையாட்டினார்கள். ஒருத்தருக்கும் ஆட்சேபணை இல்லை. மனசார விட்டுக்கொடுத்தார்கள். நைனாவின் பாட்டைப் பிடுங்கிக்கொள்ள அங்கே யாருக்கும் ஆசை கிடையாது.

"நாளைக்கிப் போறத நாளைக்குப் பாத்துக்கலாம். இன்னிக்கி எந்த வூட்டுல கீது?" என்றார் நைனா. குரல் கொஞ்சம் உயர்ந்தது. சார் பலகையைக் கைகாட்டவில்லை. "காட்டுப்பள்ளி போர்ட்டுல ஒருத்தன் பையன் வாங்கினா அது சம்பளம். அதுக்குப் பாட்ட புடுங்கினோம். எம் பொண்ணு வாங்கினா அது இன்னா, சுண்டலா?"

நான் குறுக்கே புகுந்தேன்.

"நைனா, அவங்கதான் சொல்றாங்களே. கைய வை நைனா. நான் வேணா வேலைய..."

"நீ கம்னு இரு. பேசக் கூடாதுனு போர்டு போட்டுக்கீறாங்க இல்ல?"

அதற்குமேல் அவரை யாராலும் அசைக்க முடியவில்லை. கணக்கில் வராது என்று ஒத்துக்கொண்டு கையை வைத்திருந்தால் பாடு கிடைத்திருக்கும். என்னைக் கணக்கில் வைப்பதற்காக அவர் அதை விட்டார். ஒரு பக்கம் அவரைப் பிடித்து உலுக்க வேண்டும்போலக் கோபம் வந்தது. இன்னொரு பக்கம், பிறந்ததிலிருந்து எனக்கு யாரும் அவ்வளவு பெரிய மரியாதை செய்ததில்லை. நான் சுவர்ப் பக்கம் திரும்பி, பலகையில் இருந்த எல்லா விதிகளையும் ஒன்றுவிடாமல் படித்தேன். ஒரு எழுத்தும் தெரியவில்லை. கண்ணில் தண்ணீர் முட்டிக்கொண்டு நின்றது.

பெரியப்பா அம்மன் படத்தை எடுத்துக்கொண்டார். வாசலில் சாரிடம் தீப்பெட்டியைக் கேட்டு வாங்கிக்கொண்டு, "அட்த்த வருசமும் வருவோம் சார்" என்றார். சார் தலையாட்டினார். வேன்கள் கிளம்பின. சீட்டு எடுக்காத ஆள் கரையில் நின்று என்ன செய்வது, மறுநாள் வருகிறேன் என்று நைனா என்னோடு தங்கிவிட்டார்.

புத்தகத்தைப் பெட்டியில் வைக்கப் போனபோது சார் என் அட்டவணைக் குறிப்பைக் கையில் வைத்திருந்தார்.

"கறைன்னு எழுதியிருக்கியே, அதை மாத்து."

"எப்படி சார் எழுதணும்?"

பேனாவை எடுத்து நீட்டினார். "கை வைக்குமிடம்னு எழுது. சுத்தம் செய்யறதப் பத்தின வரிய எடுத்துடு." பிறகு, எனக்கு முகத்தைக் காட்டாமல், "நாளையிலேருந்து மேசையிலயே சாப்பிடு. பூச்சி வந்தா பாத்துக்கலாம்" என்றார்.

சாயங்காலம் நைனாவைக் கூட்டிக்கொண்டு என் வாடகை அறைக்கு நடந்தேன். வழியில் மீன் மார்க்கெட். இனி கடலுக்குப் போகலாம், கடலில் பாடு கிடையாது, யாருடைய போட்டிலாவது ஏறிக்கொள்ளலாம் என்று அவரே சொல்லிக்கொண்டு வந்தார். அவர் வயதுக்கு அது லேசான வேலை இல்லை என்று இருவருக்கும் தெரியும். மார்க்கெட் வந்ததும் நின்றார்.

"இன்னா கொழம்பு வெப்ப?"

"இருக்கறத வெப்பேன்."

"மீனு வாங்கு."

நைனா மீனுக்கு விலை கேட்டு நான் பார்த்ததே இல்லை. ஏலத்தில் விலை கேட்பவர்கள் வியாபாரிகள், நைனா நிற்பது எதிர்ப்பக்கம். அவர் ஒரு கடை முன்னால் குந்தி, ஒரு சங்கரா மீனின் செவுளைத் தூக்கிப் பார்த்து, மூக்கருகே கொண்டுபோய், இது நேற்றையது என்று கீழே வைத்தார். இன்னொன்றை எடுத்தார். விலை கேட்டார். கடைக்காரம்மா சொன்ன விலையைக் கேட்டு அவருக்கு வாய் பிளந்துபோயிற்று.

"இந்த வெலைக்கா ஜனங்க துன்னுது? அங்க எங்க கையில இன்னா குடுக்குறீங்க தெரியுமா?"

"வாங்கறதுனா வாங்கு பெருசு. இல்லாங்காட்டி கடைய மறைக்காத" என்றாள் அந்தம்மா.

நைனா என்னைத் திரும்பிப் பார்த்தார். நான் கைப்பையைத் திறந்தேன். பணத்துக்குமேல் அடையாள அட்டை கிடந்தது. அவர் கையை விட்டு அதை எடுத்தார், சிக்கிக்கிடந்த நாடாவைப் பிரித்தார், நடுத்தெருவில் என் கழுத்தில் மாட்டிவிட்டார். பிறகு கடைக்காரம்மா பக்கம் திரும்பினார்.

"போடும்மா. இருக்கறதுல நல்லதாப் பாத்துப் போடு. எம் பொண்ணு சம்பளக்காரி."